தேதி குறிச்சுட்டு சாந்து குழைக்கிறாங்க

அரசாங்கம் புதுப்பிச்சுத் திறந்த வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தோட ‘புதுப்பொலிவு’ போட்டோவை ரெண்டு நாளா எல்லாரும் பகிர்ந்துட்டிருக்கீங்க, நானும் பார்த்தேன். பளபளன்னுதான் இருக்கு, மறுக்கல. நூறு வருஷம் தாண்டின சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல எமல்ஷன் ரெண்டு கோட்டு. பளபளக்காம என்ன செய்யும்?

‘விவரம் தெரியாம பண்ணிட்டாங்க’ன்னு பரிஞ்சு பேசுறவங்களுக்கு: திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்ச அன்னிக்கே சிமெண்ட்டுன்னு முடிவாயிடுச்சு. சுண்ணாம்பு யாரோட கால்ஷீட்டுக்கும் கட்டுப்படாது. தொட்டியில நீற வச்சு, சலிச்சு, தண்ணிக்கடியில சில வாரமாவது கிடக்கணும். கடுக்காயும் வெல்லமும் தனியா ஊறிப் புளிக்கணும். ஒரு பங்குக்கு ரெண்டு மூணு பங்கு மணல் சேர்த்து மில்லுல அரைக்கணும். பூசினப்புறம் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் மெதுவா இறுகும். முதல் கை இறுகினாத்தான் அடுத்த கை. நேர் வெயில் பட்டா மேல்தோல் முதல்ல காஞ்சு வெடிக்கும், ஈரச்சாக்கு தொங்கவிடணும். சிமெண்ட்டா? இன்னிக்குப் பூசினா நாளைக்குக் கெட்டி, அடுத்த மாசம் ரிப்பன் வெட்டிடலாம்.

‘சிமெண்ட் பலம்தானே சார்?’ அந்தப் பலம்தான் வியாதியே. பழைய செங்கல் மெத்து, ஈரம் குடிக்கும். தரையிலேர்ந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளியே போயிடும். சிமெண்ட் அந்த வழியை அடைச்சா ஈரம் இன்னும் மேல ஏறும். கூடவே வர்ற உப்பு பூச்சுக்குப் பின்னாடியே படிகமாகி, செங்கல் முகத்தை மாவாக்கும். பூச்சு பாளமா விழும்போது செங்கல் தோலையும் உரிச்சுக்கிட்டுத்தான் விழும். அதுக்கும் மறுபடி சிமெண்ட்டே அப்புவாங்க.

‘வெள்ளைக்காரன் தர்பார் நடத்தின கட்டடத்துக்கு எதுக்கு இந்த ஒப்பாரி?’ கேள்வி நியாயம்தான். ஆனா அதிகாரம் கட்டடத்துல என்ன எழுதிச்சுன்னு படிக்கவே சுவர் வேணுமே. சேப்பாக்கம் போய்ப் பாருங்க. ஆற்காடு நவாப் வாலாஜாவுக்கு 1768ல எழுந்த அரண்மனை. 1855ல கடைசி நவாப் வாரிசில்லாம இறந்ததும் கம்பெனி பட்டத்தையே ஒழிச்சுது, அரண்மனை ஏலத்துக்கு வந்து சர்க்கார் கைக்குப் போச்சு. அப்புறம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் அரண்மனையோட கலச மகால், ஹுமாயூன் மகால் ரெண்டுக்கும் நடுவுல கோபுரம் எழுப்பினார். கடல் பக்கம் பொதுப்பணித்துறைக் கட்டடம் வந்து நின்னுச்சு. இன்னிக்குக் கடற்கரைச் சாலையில போறவங்க கண்ணுக்கு அரண்மனையே படாது. நவாப் முகத்துக்கு முன்னாடி ஆபீஸ் கட்டின அதே புத்திதான், இப்போ சுவரை மறைச்சுத் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்குது.

‘அரசாங்கத்தால அதெல்லாம் முடியாதுப்பா’ன்னு உச்சுக்கொட்டாதீங்க. 2012 ஜனவரித் தீயில கூரையே இடிஞ்ச கலச மகால், சுண்ணாம்புச் சாந்தும் மெட்ராஸ் டெரசுமாத்தானே திரும்ப எழுந்துச்சு? மெட்ராஸ் டெரசுன்னா பழைய பாணி மொட்டைமாடித் தளம்: தேக்கு உத்தரம், அது மேல மெல்லிசான செங்கல்லை நெட்டுக்குத்தா, கோணவாட்டத்துல வரிசையா அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணி தெளிச்சுக் கட்டையால நாள்கணக்கா அடிச்சு, கடைசியா தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்கிறது. செலவாச்சு, வருஷங்களும் ஆச்சு. சுற்றுச்சூழல் வழக்கு விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் அங்கதான் உட்கார்ந்துச்சு.

கொத்தனார் கிடைக்கலையாம். சுண்ணாம்பு வேலையே கொடுக்காம ரெண்டு தலைமுறையை சிமெண்ட் சட்டி தூக்க விட்டுட்டு, இப்போ கிடைக்கலைன்னா எங்கேர்ந்து வருவாங்க? போன தடவை இதைச் சொன்னதுக்கு ‘சுண்ணாம்புப் பைத்தியம்’னு பேர் வச்சீங்க. இருக்கட்டும், அந்தப் பேரு எனக்குப் பொருத்தம்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். அதே கட்டடத்துக்குப் போய், தரையிலேர்ந்து மூணடி உயரம் வரைக்கும் விரல் முட்டியால தட்டிப் பாருங்க. டொப்பு டொப்புன்னு கேட்டா பூச்சு உள்ளுக்குள்ள விட்டுடுச்சுன்னு அர்த்தம். கல்வெட்டைத் தட்டாதீங்க, அது கிரானைட்.