கோட்டகெடே: வீட்டு முற்றத்தை வழியாக விட்ட ஊர்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள யோக்யகர்த்தா போகிறவர்கள் போரோபுதூர், பிரம்பானான் கோவில்களைப் பார்ப்பார்கள். அந்நகரின் பழைய பகுதியான கோட்டகெடேவுக்கு வந்தால் மெயின் ரோட்டு வெள்ளிக்கடையில் அரைமணி நேரம், ஒரு மோதிரம், அவ்வளவுதான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சந்துக்குள் போங்கள்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாத்தாரம் அரசின் தலைநகர் இது. அரசர் பெயர் செனோபதி, நம் சேனாபதிதான். அவர் சமாதிக்குள் நுழைய இன்றும் ஜாவா உடை உடுத்த வேண்டும். பக்கத்துப் பள்ளிவாசலின் செங்கல் நுழைவாயிலோ கோவில் வாசல் போலவே இருக்கிறது.

ஆனால் என் மனதைப் பிடித்தது ஒரு சந்து. பழைய ஜாவா வீட்டில் முன்னால் தூண் வைத்த திறந்த மண்டபம், பெண்டோப்போ. பின்னால் குடியிருக்கும் பகுதி, தாலெம். நடுவில் முற்றம். இங்கே ஒன்பது வீட்டுக்காரர்கள் அந்த முற்றத்தை ஊர் நடக்க விட்டிருக்கிறார்கள். இரு முனையிலும் வாசல். நிலம் அவரவருடையது, வழி எல்லாருக்கும். 'ஜாலான் ருகுனான்' என்கிறார்கள். ருகுன் என்றால் ஒற்றுமை. பைக்கில் வந்த பையன் இறங்கி, என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டே போனான். யாரும் சொல்லவில்லை.

ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் தலைமுடி போன்ற வெள்ளிக் கம்பியை முறுக்கி, தட்டையாக்கி, சாமணத்தால் சுருட்டி இலை வடிவச் சட்டத்துக்குள் அடுக்கினார். பற்றவைக்கும் பொடியும் வெங்காரமும் தூவி நெருப்பை ஊதினார். நொடி கூடினால் கம்பி உருகிவிடும். அந்த ஒற்றை இலைக்கு அரைமணிக்கு மேல் ஆனது. அதைப் பார்த்தபிறகும் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்கும் வரக்கூடாது என்பேன்.

2006 மே 27 விடியற்காலை நிலநடுக்கம். அந்த வட்டாரத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே ஜோக்லோ எனப்படும் பழைய மரத்தூண் வீடுகள் பல சரிந்தன. திரும்பக் கட்டப் பணமில்லாதவர்கள் தேக்குத் தூண்களையும் உத்தரங்களையும் விற்றார்கள். ஜோக்லோவைக் கழற்றி வேறிடத்தில் பூட்ட முடியும் என்பதால் ஹோட்டல்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. அதை 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விழுந்த ஒரு வீட்டை கஜா மாடா பல்கலைக்கழகம் வாங்கி, இருந்த இடத்திலேயே நிமிர்த்தியது. காசுள்ளவர்கள் செய்யவேண்டியது அதுதான். வீட்டைத் தூக்கிப்போனால் அந்தச் சந்தில் நடக்க என்ன மிச்சம்?

போவதென்றால் லெகி நாளில் போங்கள். ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் அன்றுதான் சந்தை களைகட்டும். வாழையிலையில் வாட்டிய, கட்டைவிரல் அளவு பச்சைக் கொழுக்கட்டை, உள்ளே தேங்காய்ப் பூரணம்: கிப்போ. சூடாக வாங்குங்கள். மோதிரத்தைப் பட்டறையிலேயே வாங்குங்கள்.