அடுத்த அடி விழும்வரை

டூம் மெட்டல், அதாவது மெதுவாகவும் கனமாகவும் வாசிக்கும் ராக் இசை வகை, என்றாலே "ஏன் இப்படி இழுக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் அதிகம். இந்த இசைக்கு வித்திட்ட ஆங்கிலேயக் குழு பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. அதன் முதல் பாட்டை இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

மழை பெய்கிறது. தூரத்தில் தேவாலய மணி. திடீரென்று குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கிதாரில் மூன்றே சுரங்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால் ஸ, மேல் ஸ, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். கல்யாணி ராகத்தில் இதே மத்திமம் எவ்வளவு இதமாக ஒலிக்கிறது! அங்கே காந்தாரமும் பஞ்சமமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இங்கே அதற்குத் துணை யாரும் இல்லை. தனியாக நின்று நடுங்குகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கிறோமே, எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தச் சில நொடிகள்தான். ஒலியைக் கூட்டி யார் வேண்டுமானாலும் அதிரவைக்கலாம். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை பொறுத்திருக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அயோமியின் விரல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒலியைப் பற்றிப் பேச முடியாது. பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை. 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் நுனிகள் செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குச் சுருதியை ஒன்றரைச் சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்குச் சிரமம் குறைந்தது, ஒலி பாதாளத்துக்குப் போனது. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அந்த ஆழத்தைத் தேடித்தான் சுருதியை இறக்கின.

1984ஐ நினைத்துப் பாருங்கள். மெட்டாலிகா, ஸ்லேயர் போன்ற மெட்டல் குழுக்கள் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் நேரம். அந்த வருடத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸின் செயின்ட் வைட்டஸ் குழுவும் இல்லினாயின் ட்ரபிள் குழுவும் ஆமை வேக இசையோடு தங்கள் முதல் ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள். ட்ரபிள் பாடியது விவிலியத்தை! செயின்ட் வைட்டஸோ வேகத்துக்குப் பேர்போன பங்க் ராக் இசையின் ரசிகர்கள் முன்னால் நின்று மெதுவாக வாசித்தார்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் என் மனசுக்கு நெருக்கம் ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழு. 1986இல் வந்த முதல் ஆல்பத்தில் யோஹான் லாங்க்விஸ்ட் பாடும் 'சாலிட்யூட்'. அப்பா இறந்த வருடம் ஆறுதல் சொல்லும் பாட்டு எதையும் என்னால் கேட்க முடியவில்லை. இழவு வீட்டில் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்காரும் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல இந்தப் பாட்டு இருந்தது. லாங்க்விஸ்ட் அந்த ஒரு ஆல்பத்தோடு விலகிப்போய், 32 வருடம் கழித்து 2018இல் அதே குழுவுக்குத் திரும்பி வந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவு மறுபடியும் 'சாலிட்யூட்' போட்டேன்.