ப்ரீபோனுக்குப் போட்ட சிவப்பு வட்டம்

நேற்று இரவு போய்ப் பார்த்தேன், என் கமென்ட்டைக் காணோம். பதிவு போட்டவர் அழித்துவிட்டார். மற்றவர்கள் போட்ட சிரிப்புக் குறிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எந்தப் பதிவு என்று நான் சொல்லவே வேண்டாம். இந்த வாரம் உங்களில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் மெயில், அதில் இரண்டு சிவப்பு வட்டங்கள், மேலே "இவர்களை எல்லாம் யார் பட்டதாரி ஆக்கியது?" என்ற கேள்வி. பெயரை மறைத்திருக்கிறேன் என்பதைப் பெரிய தயவு போல வேறு சொல்லியிருந்தார்.

வட்டம் போட்ட இரண்டு இடங்கள் என்ன? ஒன்று, நேர்முகத் தேர்வை 'ப்ரீபோன்' செய்ய, அதாவது முன்தேதிக்கு மாற்ற, முடியுமா என்று கேட்டது. இன்னொன்று, எனக்கு ஒரு 'டவுட்' என்று எழுதியது. அவ்வளவுதான் அந்தப் பெண் செய்த குற்றம்.

நான் அந்தக் கமென்ட்டில் யாரையும் திட்டவில்லை. ப்ரீபோன் தப்பு இல்லை என்று எழுதினேன், காரணமும் எழுதினேன். அழித்துவிட்டதால் இங்கே முழுதாக எழுதுகிறேன். ஒரே விஷயம்தான். பழக்கம் வேறு, பிழை வேறு. ஓர் ஊரின் ஆங்கிலம் இன்னோர் ஊரின் ஆங்கிலம் போல இல்லை என்பதற்காக அது கெட்டுப்போன ஆங்கிலம் ஆகிவிடாது.

முதலில் ப்ரீபோன். தள்ளிவைப்பதற்கு போஸ்ட்போன் இருக்கிறது, முன்னுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு சொல் வேண்டாமா? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. 1913இல் நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதம் இதே தேவையைச் சொல்லி இதே சொல்லை முன்வைத்தது. அங்கே அது ஒட்டவில்லை, இந்தியாவில் ஒட்டிக்கொண்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. லண்டன்காரர் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று இரண்டு சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்து டவுட். இங்கேதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அந்த வட்டத்துக்குள் நானும் நின்றிருக்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம்தான். அமெரிக்காவில் இருந்த சக ஊழியர் ஒருவர் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு, "உங்கள் அறிக்கையில் எனக்கு ஒரு டவுட்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு கணக்கு எப்படி வந்தது என்று கேட்கத்தான். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் எல்லோரும் இருந்த அழைப்பில் அவர் நேராகவே கேட்டார்: "என் எண்களில் எதை நீங்கள் நம்பவில்லை?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்பவில்லை என்று யார் சொன்னது? தட்டுத்தடுமாறி, எனக்குப் புரியவில்லை என்றுதான் சொல்ல வந்தேன் என்றேன். "ஓ, கேள்வி என்று சொல்லுங்கள்" என்றார். கணக்கை விளக்கினார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அதோடு முடிந்தது.

முடியாதது இந்தப் பக்கம். என் அருகில் உட்கார்ந்திருந்தவர், தமிழ்தான் பேசுவார், மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் "இவருக்கு ஒரு டவுட்டாம்" என்பது அந்த அறையில் வழக்கமாகிவிட்டது. நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். நாலு வரி மெயிலை ஆறு தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் அனுப்பாமலே விட்ட நாட்கள் உண்டு. தெரிந்த பதிலைக்கூட மீட்டிங்கில் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருக்கிறேன். இதைச் செய்தது அந்த அமெரிக்கர் இல்லை.

டவுட் என்றால் என்ன? தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பாடத்திலும் சந்தேகம் கேட்கலாம், ஆள்மீதும் சந்தேகப்படலாம். அந்தப் பழக்கத்தோடு நாம் ஆங்கிலத்துக்குப் போகிறோம், டவுட்டுக்கும் இரண்டு வேலை கொடுக்கிறோம். தமிழர்கள் மட்டுமில்லை, இந்தியாவில் பல மொழிக்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். சரி, நாம்தான் டவுட்டைக் கெடுத்தோமா? ஸ்காட்லாந்தில் ஒருவர் வானத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட் வில் ரெய்ன்' என்றால், மழை வரும் போலிருக்கிறது என்று பொருள். அதே வாக்கியத்தை லண்டனில் சொன்னால், மழை வருமென்று தோன்றவில்லை என்று பொருள். நேர் எதிர்! ஒரே தீவு, ஒரே சொல். ஸ்காட்லாந்துக்காரர் சொன்னதற்கு யாரும் சிவப்பு வட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு 'வட்டார வழக்கு' என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம். நம்முடையதற்கு மட்டும் பிழை என்று பெயர்.

இன்னும் சொல்கிறேன். அயர்லாந்தில் 'ஐ ஆம் ஆஃப்டர் ரீடிங் இட்' என்றால் இப்போதுதான் படித்து முடித்தேன் என்று பொருள். அவர்களுடைய ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து சிக்னலுக்குப் பெயர் ரோபோட். அங்கே ஒருவர் 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்றால் உடனே வருவார் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது, அது பிறகு வருகிறேன் என்பது போல. பிரிட்டிஷ்காரர் உங்கள் வேலையை 'கொய்ட் குட்' என்றால் பெரும்பாலும் பரவாயில்லை ரகம், அமெரிக்கர் சொன்னால் பாராட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு ஆப்பிரிக்காவின் 'சாரி'. நைஜீரியாவிலோ கானாவிலோ நீங்கள் நடக்கும்போது கால் இடறினால், பக்கத்தில் இருப்பவர் சாரி என்பார். அவர் தள்ளிவிடவில்லை, அவர்மேல் தப்பே இல்லை. வெளியிலிருந்து வந்தவர் நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று குழம்புவார். ஆனால் அது மன்னிப்பு இல்லை. யோருபா மொழியில் 'பெலே' என்று ஒரு சொல் உண்டு. ஐயோ, பார்த்து, வலிக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது போல. அந்தப் பரிவைச் சொல்ல ஆங்கிலத்தில் தயாராக ஒரு சொல் இல்லை, அவர்கள் சாரியை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். இதைத் தப்பு என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? அந்தப் பெண் டவுட் என்று எழுதியதும் இதே போன்ற காரியம்தான்.

"அப்படியானால் ஆங்கிலத்தில் தப்பே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. எழுத்துப்பிழை உண்டு, வினைச்சொல் மாறிப்போவது உண்டு, நானே செய்வேன். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி சொல்லி, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் குழப்பமின்றிப் புரிகிறது என்றால் அது பிழை இல்லை, வழக்கு. எல்லா மொழியும் இப்படித்தான் வளர்ந்தது.

"வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டாமா?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். எழுத வேண்டும். ஆனால் அது இரண்டு பக்கத்துக்கும் பொது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். அவர்களுக்கு அதன் பொருள், உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கத் தளபதிகளுக்கு அதன் பொருள், ஒதுக்கி வைப்பது. இரு தரப்பும் நெடுநேரம் கோபமாக வாதாடிவிட்டு, இருவரும் ஒன்றையேதான் கேட்கிறோம் என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். சர்ச்சிலே இதை எழுதிவைத்திருக்கிறார். அங்கே யாரையாவது பட்டதாரியா என்று கேட்டார்களா? பேசித் தெளிந்தார்கள், வேலையைப் பார்த்தார்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். என் அமெரிக்கச் சக ஊழியர் கேட்டாரே, அப்படி. தவிர, ப்ரீபோன் என்பது அந்தப் பதிவர் உட்பட சிரித்த ஒருவருக்கும் புரியாமல் இல்லை. புரிந்ததால்தானே சிரித்தார்கள்?

"நீங்கள் தமிழில் லகர ழகரப் பிழை பிடிப்பீர்களே" என்று ஒருவர் அங்கேயே கேட்டிருந்தார். அது வேறு. இதில் அதைக் கலக்காதீர்கள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன், அந்தப் பெண் திருத்திக்கொள்ளட்டும்." இதைப் படித்தபோதுதான் உண்மையில் பொறுமை போனது. நல்லதுக்குச் சொல்கிறவர் தனியாகச் சொல்வார். இரண்டு வரி பதில் மெயிலில் சொல்லியிருக்கலாம். ஊரைக் கூட்டி, வட்டம் போட்டு, தலைப்பு வைத்துச் சொல்வது நல்லதுக்கு இல்லை. நான் இந்தப் பக்கம் ஏறிவிட்டேன், நீ இன்னும் அந்தப் பக்கம் என்று காட்டத்தான். ஆங்கிலம் அதற்கு ஒரு சாக்கு.

சரியான ஆங்கிலம் என்று அவர் நினைப்பதற்கு வயது எவ்வளவு என்று பார்ப்போம். அதே பதிவில் தன் குழுவை 'டேலன்டட்' என்று எழுதியிருக்கிறார். 1832இல் கவிஞர் கோல்ரிட்ஜ் அந்தச் சொல்லை அருவருப்பான காட்டுமிராண்டிச் சொல் என்கிற அளவுக்குத் திட்டினார். இப்படிப்பட்ட கொச்சைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன என்றும் சொன்னார். இலையுதிர் காலத்துக்கு 'ஃபால்' என்பது அமெரிக்கர்கள் கெடுத்தது என்பார்கள், அது இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன் புழங்கிய சொல். 'கெட்' என்ற வினைக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'காட்டன்' (gotten) என்ற வடிவமும் அப்படியே, இங்கிலாந்து கைவிட்டதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். 'சாக்கர்' என்ற சொல் பிறந்ததே இங்கிலாந்தின் பல்கலைக்கழக மாணவர் பேச்சில், அசோசியேஷன் ஃபுட்பாலைச் சுருக்கி. இன்று அதைச் சொன்னால் அமெரிக்கச் சொல் என்று பிரிட்டிஷ்காரர்களே முகம் சுளிக்கிறார்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. என் மகன் சின்னப் பையனாக இருக்கும்போது காணொளி பார்த்து ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை அமெரிக்கர்கள் போல 'ஸீ' என்று பாடிக்கொண்டு வந்தான். 'ஸெட்' என்று சொல், அதுதான் சரி என்று அதட்டினேன். முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் என் முன்னால் அந்தப் பாட்டையே பாடமாட்டான், அடுத்த அறையில் பாடுவான். 1677இல் இங்கிலாந்திலேயே அச்சான எழுத்துக்கூட்டும் புத்தகத்தில் ஸீ இருக்கிறது என்று பல வருடம் கழித்துப் படித்தேன். அன்று அவனைப் பார்த்த பார்வை, என்னைப் பார்த்து மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தவருடைய பார்வையேதான். எங்கிருந்து வாங்கினேனோ அதை அப்படியே அவனிடம் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் அந்தச் சிவப்பு வட்டத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

இது புதிதும் இல்லை. 1490இல் வில்லியம் காக்ஸ்டன் என்ற அச்சுக்காரர் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் வணிகர் ஒருவர் தேம்ஸ் ஆற்றின் வழியே வந்து, கரையிறங்கி, ஒரு வீட்டில் 'எக்ஸ்' கேட்டார். அந்த வீட்டுப் பெண்மணி எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். வணிகருக்குக் கோபம், தனக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று. பக்கத்தில் ஒருவர் 'எய்ரன்' என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு முட்டை என்று விளங்கியது. இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள், இரண்டுமே ஆங்கிலம். அன்று அந்தப் பெண்மணி சொன்னது தப்பு என்று யாராவது வட்டம் போட்டிருந்தால், அது எவ்வளவு பெரிய அறியாமை!

என் கமென்ட் அழியும் முன்பே அந்தப் பெண் அதைப் படித்துவிட்டாள் போல. இன்று காலை இன்பாக்ஸில் வந்தாள். வேறோர் இடத்துக்கு அனுப்பவேண்டிய மெயிலை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தரமுடியுமா என்று கேட்டாள். தேதியை மாற்றச் சொல்லும் இடத்தில், ஒரே சொல்லில் முடிவதை மூன்று வரிக்கு இழுத்து, இரண்டு முறை மன்னிப்பும் கேட்டு எழுதியிருந்தாள். இந்திய நிறுவனம்தான், அவர்களுக்குப் புரியும். மூன்று வரியையும் எடுத்துவிட்டு, ப்ரீபோன் என்று போட்டுத் திருப்பி அனுப்பினேன்.