இன்ட்டு போட்ட நாட்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் வேலையை எடுத்து நடத்திய கான்ட்ராக்டரிடம் நான் மூன்று ஆண்டுகள் வருகைக் கணக்கு எழுதினேன். வந்தவருக்கு வட்டம், வராதவருக்கு இன்ட்டு, ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்கு வட்டத்தின் பக்கத்தில் ஒரு அரை. சனிக்கிழமை மாலை அந்த நோட்டை வைத்துத்தான் சம்பளம் போடுவார்கள். அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக்கியபின் எங்களுக்கு ஆர்டர் வருவது நின்றது. முதலில் அந்த அரை ஷிப்ட் போயிற்று, அடுத்து வாரத்திற்கு மூன்று நாள் வேலை என்றாயிற்று, செப்டம்பர் கடைசியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பிள்ளைகளையும் செக்கிங் பெண்களையும் வர வேண்டாம் என்றார்கள்.

வேலை இல்லாதபோது கான்ட்ராக்டர் எங்கிருந்து கூலி கொடுப்பார் என்ற கேள்வி நியாயமானதே. அவருக்கும் கம்பெனியிலிருந்து பழைய பில் பாக்கி இருந்தது. என் குறை அதுவல்ல. யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாக ஒருவரும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை வர வேண்டாங்க்கா, ஆர்டர் வந்தா போன் பண்றேன்" என்பதோடு முடிந்துவிட்டது. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன குறி போடுவது என்று நான் கேட்டபோது, "வரலையில்ல, இன்ட்டு போடு தம்பி" என்றார் கான்ட்ராக்டர். வருகிறேன் என்று சொன்னவர்களை வராதவர்கள் என்று என் கையாலேயே எழுதினேன்.

இது வெறும் குறி விவகாரம் அல்ல. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டப்படி, 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்வதென்றால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். பிறகு ஆள் எடுக்கும்போது அவருக்கே முதலில் வாய்ப்புத் தர வேண்டும். வேலை கொடுக்க முடியாமல் முறைப்படி லே ஆஃப் கொடுத்த நாட்களும் அந்த 240-இல் சேரும். தொழிலாளி தானாக வராத நாள் சேராது. ஆக, நோட்டில் விழும் ஓர் இன்ட்டு முதலாளியிடம் வேலை இல்லாத நாளைத் தொழிலாளி மட்டம் போட்ட நாளாக மாற்றிவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. நோட்டு எழுதும் முறை அதோடு மாறியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் இது நடந்ததை இன்னும் கசப்போடுதான் நினைக்கிறேன். அப்போதிருந்த போனஸ் சட்டத்தின்படி கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸுக்குத் தகுதி இருந்தது. பட்டுவாடா நாளில் வேலையில் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் பலர், வேலைக்கே போகாதபோது எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல எனக்கும் அப்போது இந்த விவரம் தெரியாது.

தற்காலிக வேலையை நிரந்தரமாக்கு என்று நான் கேட்கவில்லை. வேலை இல்லை என்று அனுப்பிய நாளுக்கு நோட்டில் தனியாக ஒரு குறி இருக்கட்டும். ஆளை நிறுத்தும்போது, இத்தனை நாள் வேலை பார்த்தார், வேலை இல்லாததால் நிறுத்தினோம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுக்கட்டும். ஆயிரம் உருப்படிக்கு எத்தனை ஓட்டை, எத்தனை எண்ணெய்க் கறை என்று தாள் தாளாக எழுதி வைக்கும் தொழிலில் இது பெரிய எழுத்து வேலை ஆகாது.

அக்டோபரில் கான்ட்ராக்டர் நோட்டைத் தானே எழுதத் தொடங்கியதால் எனக்கும் வேலை இல்லாமற்போனது. அதற்கு இரண்டு நாள் முன்பு, செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் வந்து தன் நாட்களை எண்ணிச் சொல்லச் சொன்னார். 12 மாதத்தில் வட்டம் 228 இருந்தது. வர வேண்டாம் என்று அனுப்பிய நாட்களை மட்டும் தனியே எண்ணினேன், 19 இன்ட்டு. "அந்தப் பத்தொம்பது நாளும் டிபன் பாக்ஸ் கட்டி வெச்சுட்டுத்தானே தம்பி போனைப் பாத்துட்டு இருந்தேன்" என்றார். நோட்டில் இருந்தது என் கையெழுத்து.