அப்பாவின் எட்டு மணி மாத்திரை

போன மாதம் மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அது நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் காலையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 9 வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்கவாத நோய். காலை 8, பகல் 12, மாலை 4, இரவு 8 என்று நாலு வேளை லெவோடோபா மாத்திரை. மாட்டுங்கா வீட்டில் அந்த நேரம் பிசகவே பிசகாது. பருப்பு, தயிரில் உள்ள புரதம் மாத்திரையோடு போட்டி போடும் என்பதால், அரை மணி கழித்துத்தான் இட்லியே தட்டில் விழும். வார்டில் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 8 மணிக்குக் கேட்டேன். ரவுண்ட்ஸ் முடியட்டும் என்றார்கள். 9 மணிக்கும் அதே பதில். கையில் கிடைத்தபோது பத்தே முக்கால்.

அதற்குள் அப்பாவின் முகம் இறுகிப்போய், வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. "பாத்ரூம் போகணும்டா" என்றது எனக்கே இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. இரண்டு பேர் தாங்கியும் கால் தரையை விட்டு எழவில்லை. வார்டு பையன் "கோஷிஷ் கரோ, பாபா" என்றான், அன்பாகத்தான். எதை வைத்து முயல்வார்?

நடுமூளையில் கருத்த சின்னப் பட்டை ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் தரும் டோபமின் என்ற ரசாயனம் இருந்தால்தான் நினைத்த அசைவு கைக்கும் காலுக்கும் சரளமாக வரும். பார்க்கின்சனில் அந்த அணுக்கள் அழிகின்றன. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். 1957இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும், மூளையில் டோபமினைக் குறைத்துவிடும் ரிசர்பின் மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்தார். அப்புறம் லெவோடோபா கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்த மருந்து ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில் மிச்சமுள்ள அணுக்கள் டோபமினைச் சேமித்துச் சமாளிக்கும். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி வருடங்களாகின்றன. அவருக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, நேரமும் அவ்வளவு முக்கியம். இங்கிலாந்தில் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கொடுக்க வேண்டும் என்று 2018இலேயே தர அளவுகோல் வைத்துவிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் இதை ஏன் வழக்கமாக்கக் கூடாது? பெரிய கருவியா கேட்கிறோம்? ஒரு கடிகாரம் போதும்.

வீட்டில் பார்க்கின்சன் உள்ளவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். அட்மிட் ஆகும்போதே மாத்திரை நேரங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைட் ஊசி வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது மூளையில் டோபமினைத் தடுக்கும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலும் விறைப்பும் வரலாம்.

அன்று பதினொன்றரைக்கு அப்பா தானாகவே எழுந்து பாத்ரூம் போனார். பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். ராத்திரி 7.55க்கு மாத்திரையோடு வந்து நின்றார். உள்ளங்கையில் பேனாவால் 8 என்று எழுதியிருந்தார்.