ஏற்காடு ஓட்டு சேலம் எம்.பி. தொகுதியில சேராதுங்க

2024 மக்களவைத் தேர்தல் பத்தி, "சேலம் மாவட்டமே செல்வகணபதிக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு, ஏற்காடு மலை உட்பட"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார் (செல்வகணபதி சேலம் தொகுதியில ஜெயிச்ச தி.மு.க. வேட்பாளர்). தப்புங்க.

2008 தொகுதி மறுவரையறையில இருந்தே ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில இருக்கு. ஆத்தூரும் கெங்கவல்லியும் அங்கதான். மேட்டூர் தர்மபுரிக்குப் போயிருச்சு, சங்ககிரி நாமக்கல்லுக்கு. மாவட்டத்துல இருக்கிற 11 சட்டமன்றத் தொகுதியில சேலம் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டது 6 மட்டும். 2024 ஏப்ரல் 19 அன்னிக்கு மலையில இருந்த மெஷின்ல செல்வகணபதி பேரே கிடையாது! அங்க தி.மு.க. வேட்பாளர் மலையரசன், எதிர்த்து நின்னது அ.தி.மு.க. குமரகுரு. ஏற்காடு தொகுதின்னா வெறும் மலை இல்ல, கீழ வாழப்பாடியும் அதுலதான் வரும்.

அப்புறம், தமிழ்நாட்டோட 39 மக்களவைத் தொகுதி பத்தி "39-ம் தி.மு.க."ன்னு அவர் சொன்னதும் சரியில்ல. கூட்டணிக்குத்தான் 39. உதயசூரியன்ல ஜெயிச்சது 22, காங்கிரஸ் 9, மீதி மத்த கூட்டணிக் கட்சிங்க.