பைபர் பெட்டி வெப்பத்தைத் தடுக்குமா? வட்ஸ்அப் தகவலுக்கு ஒரு விளக்கம்

"பைபர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வீணையையோ வயலினையோ வெயிலில் நிறுத்திய வாகனத்தில் நாள் முழுவதும் விடலாம், வெப்பம் உள்ளே போகாது" என்ற செய்தி, திருகோணமலையில் இசை பயிலும் பிள்ளைகளின் பெற்றோரிடையே வட்ஸ்அப்பில் பகிரப்பட்டு வருகின்றது. இது தவறு.

கடினமான பெட்டி இடி, அழுத்தம், கீறல் ஆகியவற்றிலிருந்து கருவியைக் காக்கும். வெப்பம் உள்ளே செல்வதையோ சற்றுத் தாமதப்படுத்துவதோடு சரி. கச்சான் வீசும் மாதங்களில், வெயிலில் மூடிக்கிடக்கும் வாகனத்தின் உட்புறம் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும்; கறுப்புப் பெட்டி நேரடி வெயிலில் இன்னும் சூடேறும். வீணையின் 24 மெட்டுகளையும் (தந்தியை அழுத்திச் சுரம் எழுப்ப உதவும் உலோகக் கட்டைகள்) தாங்கும் மெழுகுக் கட்டில் சேர்க்கப்படும் தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்னரே இளகத் தொடங்குவதால், மெட்டுகள் இடம்பெயர்ந்து சுரம் பிசகலாம். வயலின் பலகைகளை ஒட்டும் விலங்குப் பசையும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிடிப்பை இழக்கும். தேன்மெழுகின் உருகுநிலையை இரசாயன நூல்களில் சரிபார்க்கலாம். வெயிலில் வைத்த வெற்றுப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை இட்டுப் பார்ப்பது அதைவிட எளிது.

பெட்டி வாங்குகையில் அதன் ஓட்டின் கனத்தைவிட, கருவி அசையாதபடி கழுத்தையும் குடத்தையும் தாங்கும் மெத்தை உள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கொழும்புக்குப் புகையிரதத்தில் செல்வோர் பெட்டியை யன்னலோர வெயில் படாமல் வைப்பது நல்லது.

இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் அதே குழுக்களில் இவ்விளக்கத்தை இடுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.